நான்கு எழுத்தும் ஓர் ஆய்வேடும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவை அண்டிக் கிண்ணியா, மூதூர் என்னும் ஊர்கள் அமைந்திருக்கின்றன. வயலும் கடலும் களப்பும் கலந்த நிலம் அது. அங்கே ஒரு முஸ்லிம் குடும்பத்திலே பிறக்கும் பிள்ளை, பத்து வயதை எட்டுமுன் நான்கு வகையான எழுத்துக்களோடு பழக வேண்டியதாகிறது. குர்ஆன் மத்ரஸாவிலே அரபெழுத்தை வலமிருந்து இடமாக ஓதுகிறது. பாடசாலையிலே தமிழெழுத்தை இடமிருந்து வலமாக எழுதுகிறது. அதே பாடசாலையிலே ஆங்கில நெடுங்கணக்கும் வந்து சேர்கிறது. இரண்டாம் தேசிய மொழி என்ற முறையிலே சிங்கள எழுத்தும் கரும்பலகையில் ஏறுகிறது. பேருந்தின் முகப்பிலும் கச்சேரி வாயிலிலும் மும்மொழிப் பலகைகளைக் கண்டு வளரும் அப்பிள்ளைக்கு இதில் விந்தை ஒன்றும் தோன்றுவதில்லை. விந்தையென்று உணர வேண்டியவர்கள் பெரியவர்களே, அவர்களுள்ளும் ஆசிரியர்களே.

எழுத்தறிவு, மொழிக்கல்வி என்னும் துறையிலே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விழையும் ஓர் ஆசிரியர் முதலிலே தேடுவது தலைப்பு. நூலகத்திலே தேடுகிறார், பழைய ஆய்வேடுகளின் பட்டியலிலே தேடுகிறார், மேற்பார்வையாளராக அமையக்கூடிய பேராசிரியரின் விருப்பத்திலே தேடுகிறார். திருகோணமலை மாவட்டத்து ஆசிரியர் இவ்வளவு அலைய வேண்டியதில்லை. தேடும் தலைப்பு அவருடைய வகுப்பறையின் மூன்றாவது வாங்கிலே உட்கார்ந்துகொண்டிருக்கிறது.

இந்தக் குடாக் கரையிலே எழுத்தைப் பற்றிய ஒரு பழங்கதையும் உண்டு. 1660ஆம் ஆண்டிலே றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில இளைஞர் தம் தந்தையுடனும் கப்பலாட்கள் சிலருடனும் இவ்விடத்திலே கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே சிறையிருந்தார். அக்காலத்திலே தற்செயலாகத் தம் கண்ணிற்பட்ட ஓர் ஆங்கில விவிலிய நூலை, ஒரு பின்னற்றொப்பியை விலையாகக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதாக 1681இல் வெளியான தம் நூலிலே அவர் எழுதியிருக்கிறார். தம் எழுத்து வழங்காத நாட்டிலே அகப்பட்டவனுக்குத்தான் எழுத்தின் விலை தெரியும் போலும். அது நிற்க.

மேற்சொன்ன பிள்ளை நான்கு எழுத்தையும் ஒரே வகையாகவா அறிந்துகொள்கிறது? இல்லை. இதனைத் தெளிவாகச் சொல்லும் ஆற்றல் தமிழ்மொழிக்கே இயல்பாக வாய்த்திருக்கிறது. குர்ஆனை அப்பிள்ளை ‘ஓதுகிறது’. கதைப் புத்தகத்தை ‘வாசிக்கிறது’. பரீட்சைக்குப் ‘படிக்கிறது’. இலங்கைத் தமிழ்ப் பேச்சிலே இம்மூன்று சொற்களும் ஒன்றின் இடத்திலே மற்றொன்று புகுவதில்லை. கோணேசர் கோயிலிலே தேவாரம் ஓதப்படுகிறதேயன்றி வாசிக்கப்படுவதில்லை. ஆங்கிலத்திலே இவையனைத்துக்கும் பெரும்பாலும் ஒரு வினைச்சொல்லே போதுமானதாகிறது. ஆங்கில நூல்களின் வழியாகவே எழுத்தறிவை ஆராயப் புகுவோர், தம் தாயின் வாயிலே மூன்றாகப் பிரிந்து கிடந்ததை முதலில் ஒன்றாகக் கலந்துவிட்டுப் பிறகு அரும்பாடுபட்டுப் பிரிக்கிறார்கள்.

அவ்வாறு அரும்பாடுபட்டுப் பிரித்த ஆய்வு ஒன்று உலகப் புகழ் பெற்றது. சில்வியா ஸ்கிறிப்னர், மைக்கேல் கோல் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1970களிலே மேற்கு ஆபிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்குச் சென்று வை என்னும் மக்களிடையே ஆய்வு நடத்தினர். வை மக்களிடம் மூன்று எழுத்துக்கள் வழங்கின. தம் மொழிக்கென ஆக்கிக்கொண்ட அசையெழுத்தை வீட்டிலும் நண்பரிடத்திலும் கற்றனர். கடிதம் எழுதவும் கணக்கு வைக்கவும் அது பயன்பட்டது. அரபெழுத்தைக் குர்ஆன் ஓதுவதற்குக் கற்றனர். ஆங்கிலத்தைப் பாடசாலையிலே கற்றனர். எழுத்தறிந்தவுடன் மனிதனுடைய சிந்தனை முழுவதும் உயர்ந்துவிடும் என்று அறிஞர் பலர் அந்நாளிலே நம்பியிருந்தார்கள். 1981இல் வெளிவந்த அவ்விருவரின் நூல் அந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது. குர்ஆன் ஓதிப் பயின்றோர் வரிசையாகச் சேர்த்துச் சேர்த்து நினைவிற்கொள்வதிலே சிறந்து விளங்கினர். வை எழுத்துப் பயின்றோர் பிரிந்து ஒலிக்கும் அசைகளை இணைத்துப் பொருள் காண்பதிலே வல்லவராயிருந்தனர். பாடசாலை சென்றோர் தாம் ஏன் அவ்வாறு விடை சொன்னோம் என்று விளக்குவதிலே முந்தினர். ஒவ்வோர் எழுத்தும் தனக்குரிய பழக்கத்தையே தந்தது. எல்லாவற்றையும் தரும் எழுத்து எதுவும் இருக்கவில்லை.

வை மக்களிடம் இருந்தவை மூன்று எழுத்து. கிண்ணியாப் பிள்ளையிடம் இருப்பவை நான்கு. மத்ரஸாவிலே விரைவாகவும் பிழையின்றியும் ஓதும் ஒரு பிள்ளை, பாடசாலையிலே தமிழ் வாசிப்பிற் பின்தங்கி நின்றால், அதனை ‘மெல்லக் கற்கும் பிள்ளை’ என்று பதிவேட்டிலே குறித்துவிடுவது எளிது. ஒரு கூடத்திலே வல்லதாயிருக்கும் பிள்ளை மற்றக் கூடத்திலே எவ்வாறு மெல்லக் கற்பதாயிற்று என்று கேட்பதுதான் ஆய்வு.

இன்னொரு செய்தியும் இங்கே கருதத்தக்கது. அரபெழுத்திலே தமிழை எழுதும் வழக்கம் ஒன்று தென்னிந்திய, இலங்கை முஸ்லிம்களிடையே நெடுங்காலம் நிலவியது. அரபுத்தமிழ் என்று அதற்குப் பெயர். சமய நூல்களும் பாடல்களும் அவ்வெழுத்திலே இருந்தன. பாடசாலைக்குப் போகாத பெண்களும் வீட்டிலிருந்தவாறே அதனைக் கற்றனர். இலங்கையின் குடிசன மதிப்பிலே எழுத்தறிவு என்பது சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மொழிகளை எழுதவும் வாசிக்கவும் அறிவதைக் கொண்டே கணிக்கப்படுகிறது. நாட்டின் எழுத்தறிவு வீதம் நூற்றுக்கு 90க்கு மேல் என்று அனைவரும் பெருமை கொள்கிறோம், பெருமைக்குரியதுதான். ஆனால், அரபுத்தமிழ்க் கிதாபை விளக்கடியிலே வைத்துப் படித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொன்ன ஒரு மூதாட்டி, தமிழெழுத்தை அறியாதிருந்தால் அந்தக் கணக்கிலே எந்தப் பக்கத்தில் நின்றிருப்பார்? கணக்கெடுக்க வந்தவருக்கு அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். அத்தகைய மூதாட்டியரின் நினைவுகளைக் கேட்டுக் குறித்துக்கொள்ளும் காலம் விரைவாகக் கழிந்துகொண்டிருக்கிறது. இதற்கு விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டா; அந்த வீட்டுத் திண்ணையிலே உரிமையோடு உட்காரக்கூடிய ஆய்வாளர் ஒருவர் வேண்டும்.

தமிழெழுத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் வகுப்பறையிலே காணத்தக்கவை குறைவல்ல. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247 என்று மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையோ 247 வடிவங்களைத் தனித்தனியே கற்பதில்லை. கொம்பும் காலும் விசிறியும் எங்கே நிற்கின்றன என்பதைக் கவனித்துத் தானே ஒரு முறையை உய்த்துணர்கிறது. எந்த இடத்திலே அந்த உணர்வு தடுமாறுகிறது? ‘கெ’ என்னும் எழுத்திலே கொம்பு முன்னே நிற்கிறது; ஒலியோ பின்னே வருகிறது. ‘கொ’ என்றால் ஓர் உயிரொலியின் குறி மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. முதலாந் தரத்து ஆசிரியர் ஒவ்வொருவரும் இத்தடுமாற்றத்தைக் கண்டிருக்கிறார். கண்டதை ஆண்டு முழுவதும் ஒழுங்காகக் குறித்து வைத்தவர் அரியர்.

பிழைகளும் அவ்வாறே. ‘மழை’ என்பதை ‘மளை’ என்று எழுதும் பிள்ளைக்குச் சிவப்பு மையினாலே ஒரு கோடு கிடைக்கிறது. ஈழத்துப் பேச்சிலே பெரும்பாலும் ழகரமும் ளகரமும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஆகவே ‘மளை’ என்று எழுதிய பிள்ளை கவனமற்ற பிள்ளையன்று. தன் செவிக்கு உண்மையாக எழுதிய பிள்ளை. ‘மழை’ என்று சரியாக எழுதிய பிள்ளை செவியை நம்பாது கண்ணை நம்பியிருக்கிறது. இருவருக்கும் ஒரே வகையான திருத்தம் பயன்படாது. இனி, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வல்லொலிக்கு ஓர் எழுத்தும் அதன் மெல்லிய ஒலிக்கு வேறோர் எழுத்தும் இருக்கக் காணும் பிள்ளை, ‘பாடம்’, ‘தம்பி’ என்னும் சொற்களிலே ஒரே பகரம் இரண்டு ஒலிக்கும் நிற்பதை எவ்வாறு ஏற்றுக்கொள்கிறது? பிறமொழி எழுத்து அதற்கு இடையூறாகிறதா, துணையாகிறதா? இக்கேள்விக்கு விடை லண்டனிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. கிண்ணியாவிலும் மூதூரிலும்தான் கிடைக்கும்.

பேச்சு வேறு, எழுத்து வேறு என்னும் இருவழக்கு நிலையைப் பற்றிச் சாள்ஸ் ஃபேர்கசன் என்னும் மொழியியலாளர் 1959இல் எழுதிய கட்டுரை பலராலும் எடுத்தாளப்படுகிறது. தமிழருக்கு அது புதுச் செய்தியன்று. வீட்டிலே ‘போறன்’ என்று சொல்லும் பிள்ளை புத்தகத்திலே ‘போகிறேன்’ என்பதைக் காண்கிறது. ‘வாப்பா’ என்றழைக்கும் பிள்ளை ‘தந்தை’ என்று எழுதப் பழகுகிறது. மூதூர்க் கிழக்கிலும் ஈச்சிலம்பற்றையிலும் வெருகற் பக்கத்திலும் வேடர் வழிவந்த குடும்பங்கள் தமிழ் பேசி வாழ்கின்றன. அவர்தம் பிள்ளைகளுக்கும் புத்தகத் தமிழுக்குமிடையே உள்ள தூரம் நகரத்துப் பிள்ளையின் தூரத்திலும் அதிகம். தாய்மொழியிலே கல்வி என்ற கொள்கையை 1940களிலேயே இலங்கை ஏற்றுக்கொண்டது. 1953இல் யுனெஸ்கோ தாய்மொழிக் கல்வியை வற்புறுத்தி அறிக்கை வெளியிட்டபோது, இந்நாட்டின் தமிழ்ப் பாடசாலைகள் அவ்வழியிலே நடக்கத் தொடங்கிவிட்டன. எனினும், தாய்மொழியென்று பாடசாலை கருதும் தமிழும் தாயின் வாயிலுள்ள தமிழும் எவ்வளவு நெருங்கியவை என்று அளந்து பார்ப்பது இன்னும் ஆசிரியர் மேசையிலேயே காத்திருக்கிறது.

இம்மாவட்டத்துக்கே உரிய மற்றொரு துயரமும் ஆய்வுக்குரியது. 1980களிலே தொடங்கி 2009 வரை நீடித்த போரிலே பிள்ளைகள் பாடசாலைகளை விட்டு மீண்டும் மீண்டும் பெயர்ந்தனர். 2004 திசெம்பர் 26இல் கடல் எழுந்து வந்தது. 2006இல் மூதூர்ப் பகுதியிலே போர் மூண்டபோது குடும்பங்கள் கையிலகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடின. இரண்டாந் தரத்திலே இடையறுந்து, ஓராண்டு முகாமிலே கழித்து, வயதை நோக்கி நான்காந் தரத்திலே சேர்க்கப்பட்ட பிள்ளைக்கு இடையிலே விடுபட்டது எது? இன்று அவர்கள் வளர்ந்து தாய்மாரும் தந்தையருமாகிவிட்டார்கள். தம் பிள்ளையின் வீட்டுவேலைப் புத்தகத்தைத் திறக்கத் தயங்கும் தாய் ஒருத்தியின் தயக்கத்துக்குள்ளே இருபது ஆண்டு வரலாறு இருக்கிறது. தரம் 5 புலமைப்பரிசிற் பரீட்சையின் புள்ளிகளைக் கொண்டு இந்த வரலாற்றை அறிய முடியாது.

கல்வியையும் மொழியையும் சேர்த்து ஆய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றோர் ஈழத்திலே இல்லாமலில்லை. தனிநாயக அடிகளின் வரலாறு இவ்வகையிலே நினைக்கத்தக்கது. 1913இலே ஊர்காவற்றுறைப் பகுதியிலே பிறந்த அவர், உரோமாபுரியிலே சமயக் கல்வி பயின்று கலாநிதியானார். அதன் பின்னரே, 1940களிலே திருநெல்வேலிச் சீமையிலுள்ள வடக்கன்குளத்துப் பாடசாலையிலே பணியாற்றியபோது, ஒரு பண்டிதர் முன்னே அமர்ந்து தமிழிலக்கியத்தை முறையாகக் கற்கத் தொடங்கினார். அயலகத்திலே பட்டம் பெற்றுப் பல மொழிகளை அறிந்த ஒருவர், தம் சொந்த மொழிக்கு மாணவனாகத் திரும்பி வந்த காட்சி அது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே சங்கப் பாடல்களில் இயற்கையை ஆய்ந்தார். 1952 முதல் பேராதனையிலே கல்வித்துறை விரிவுரையாளரானார். பண்டைத் தமிழ் இலக்கியத்திலே காணப்படும் கல்விச் சிந்தனைகளை ஆராய்ந்து 1957இலே லண்டன் பல்கலைக்கழகத்தின் கலாநிதிப் பட்டத்தைப் பெற்றார். பாணரும் புலவரும் சமுதாயத்துக்கு எவ்வகையிலே ஆசிரியராயிருந்தனர் என்பது அவருடைய நெஞ்சை ஈர்த்த பொருள்.

அவருக்குப் பின் க. கைலாசபதி பேர்மிங்காம் பல்கலைக்கழகத்திலே ஆய்ந்து, 1968இலே நூலாக வெளியிட்ட ஆராய்ச்சியும் இப்பொருளோடு உறவுடையதே. சங்கப் பாடல்களை வாய்மொழி மரபிலே வைத்துப் பார்த்தது அது. ஆக, எழுத்துக்கு முந்திய பாணனின் வாயைப் பற்றி ஈழத்தவர் எழுதிய ஆய்வுகள் உலக அரங்கிலே மதிப்புப் பெற்றிருக்கின்றன. எழுத்தோடு போராடும் இன்றைய பிள்ளையின் வாயைப் பற்றி அத்தரத்திலே எழுதப்பட்ட ஆய்வு அருமையாகவே இருக்கிறது. பழமையின் மீதுள்ள பற்று மட்டும் இதற்குக் காரணமன்று. ஏட்டுச் சுவடி ஆய்வாளனை எதிர்த்துப் பேசாது, பிள்ளை பேசும்.

திருகோணமலை தனக்கென்றும் ஒரு மரபை உடையது. இவ்வூரிற் பிறந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை சென்னையிலே கற்றுச் சுவடி நிலையத்திலே பணியாற்றினார். தமிழின் முதல் வரலாற்று நாவலென்று கருதப்படும் ‘மோகனாங்கி’யை 1895இலே வெளியிட்டார். அதற்கு மூன்றாண்டு முன்னரே, 1892இலே, ‘தத்தை விடு தூது’ என்னும் செய்யுள் நூலிலே பெண் கல்விக்காகவும் பெண்ணுரிமைக்காகவும் குரல் கொடுத்தார். பின்னர் 1920களிலே விபுலாநந்த அடிகள் இங்கே வந்தார். இராமகிருஷ்ண மிஷன் பொறுப்பேற்ற இந்துக் கல்லூரியை முகாமையாளராகவும் அதிபராகவும் இருந்து வளர்த்தார். விஞ்ஞானப் பட்டமும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பட்டமும் ஒருங்கே பெற்றவர். அண்ணாமலையிலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவர். கலாநிதிப் பட்டம் அவரிடம் இருந்ததில்லை. பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய ‘யாழ்நூல்’ 1947இலே, அவர் மறைவதற்குச் சில வாரங்களுக்கு முன் அரங்கேறியது. பட்டம் வேண்டா என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுவோர் உண்டு, அது பொருந்தாது. எல்லோரும் விபுலாநந்தராக இயலாது. ஏனையோருக்கு மேற்பார்வையும் கால எல்லையும் தேர்வாளரின் கேள்விகளும் வேண்டியிருக்கின்றன. பட்டம் என்பது அவற்றை ஒழுங்காகப் பெறுவதற்கு ஒரு வழி.

இன்றைய வழியும் குறுகியதன்று. கலைப் பட்டதாரியாக ஆசிரிய சேவையிற் சேர்ந்த ஒருவர் முதலிலே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடிக்கிறார். பிறகு முதுகல்விமாணி. பிறகு முதுதத்துவமாணி. இலங்கைத் தகைமைச் சட்டகத்திலே பன்னிரண்டாவது மட்டமாகிய உச்சியிலே கலாநிதிப் பட்டம் வைக்கப்பட்டிருக்கிறது. கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம், திறந்த பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம் என வாயில்கள் பல. 2001 முதல் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் ஒன்று திருகோணமலையிலேயே இயங்குகிறது; மொழிக்கும் தொடர்பாடலுக்கும் அங்கே இடமுண்டு. ஆயினும் கல்வியியலிலே மேற்பார்வையாளரை நாடுவோர் பெரும்பாலும் கொழும்புக்கே போகின்றனர். ஏறத்தாழ 260 கிலோமீற்றர். வெள்ளிக்கிழமை பாடசாலை விட்டு வந்து, சமைத்து வைத்துவிட்டு, இரவு வண்டியேறி, விடியற்காலையிலே கோட்டைப் புகையிரத நிலையத்திலே முகங்கழுவிக்கொண்டு பேராசிரியரைச் சந்திக்கப் போகும் ஆசிரியை ஒருவரைக் கற்பனை செய்வது கடினமன்று. 2009இலே கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன் துறையிலே படகுப் பாதைக்காகக் காத்திருந்தவர்களுக்கு இத்தகைய பயணங்கள் இன்னும் நீண்டவை.

இவ்வளவு பாடுபட்டுப் போகிறவர் என்ன எழுதுகிறார் என்பதிலேதான் கவலை இருக்கிறது. நூறு ஆசிரியருக்கு ஒரு வினாக்கொத்து. ‘மிக உடன்படுகிறேன்’ முதல் ‘சிறிதும் உடன்படவில்லை’ வரை ஐந்து கட்டங்கள். கணினி தரும் அட்டவணைகள். ‘பெற்றோர் ஒத்துழைப்பு அவசியம்’ என்னும் முடிவு. இவ்வகை ஆய்வு விரைவில் முடியும். எந்தப் பரிசோதகரும் கோபங்கொள்ளார். ஆனால் அதனை எழுதுவதற்குப் பதினைந்து ஆண்டு கற்பித்த அனுபவம் தேவையில்லை. கற்பிக்காத ஒருவரும் எழுதிவிடலாம். ஆசிரியருக்கு மட்டுமே கைகூடுவது வேறு. ஒரே பன்னிரண்டு பிள்ளைகளை முதலாந் தரத்திலிருந்து மூன்றாந் தரம் வரை தொடர்ந்து பார்த்து, அவர்கள் எழுதியதையும் வாசித்ததையும் ஓதியதையும் வீட்டிலே பேசியதையும் சேர்த்து வைக்கும் ஆய்வை வெளியார் நினைத்தாலும் செய்ய முடியாது. பன்னிரண்டு என்பது சிறிய தொகை என்று சிலர் முகஞ்சுளிப்பர். உலகெங்கும் எழுத்தறிவு ஆய்விலே நிலைத்து நின்ற நூல்களிற் சில இத்தகைய சிறு வட்டத்திலிருந்தே பிறந்தவை. ஷேர்லி பிறைஸ் ஹீத் என்னும் அமெரிக்க அம்மையார் 1983இலே வெளியிட்ட நூல், கரோலினாப் பகுதியிலே இரண்டு சிறிய குடியிருப்புக்களில் ஆண்டுக்கணக்காகப் பழகி எழுதியதாகும்.

அண்மைத் தமிழகத்திலிருந்தும் ஓர் உதாரணம் கூறலாம். புதுக்கோட்டை மாவட்டத்திலே 1990களின் தொடக்கத்திலே அறிவொளி இயக்கம் நடைபெற்றது. எழுத்தோடு சைக்கிளோட்டவும் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். பிரான்சிஸ் கோடி என்னும் மேனாட்டு ஆய்வாளர் புதுக்கோட்டைக் கிராமங்களிலே தங்கித் தம் கலாநிதிப் பட்டத்துக்காக அவ்வியக்கத்தை ஆராய்ந்தார். 2013இலே அது நூலாகியது. கைநாட்டு வைத்த பெண் கையெழுத்திடும்போதும், மனு எழுதும்போதும் என்ன மாறுகிறது, என்ன மாறாமலே இருக்கிறது என்பதை அது கவனமாகப் பார்க்கிறது. தொலைவிலிருந்து வந்த ஒருவர் தமிழைக் கற்றுக்கொண்டு இதனைச் செய்திருக்கிறார். தமிழைக் கற்றுக்கொள்ள வேண்டிய தேவையே இல்லாத ஆசிரியர்கள் திருகோணமலையிலே இருக்கிறார்கள்.

ஆய்வேட்டின் மொழி எது என்பதும் சிறிய வினாவன்று. முதுகல்விமாணி வரை தமிழிலே எழுத இடமிருக்கிறது. கலாநிதிப் பட்டம் என்று வந்ததும் கல்வியியலிலே ஆங்கிலமே பெரும்பாலும் வழக்காகிறது. ஆங்கிலத்தை வெறுத்து ஒதுக்குவதாற் பயனில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலே போர்க்காலத்திற் கற்பித்தவரும், அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்திலே 1990இலே கலாநிதிப் பட்டம் பெற்றவருமான சுரேஷ் கனகராஜா இதைப் பற்றி ஆழமாக எழுதியிருக்கிறார். மின்சாரமின்றி, தாளின்றி, தபாலின்றி யாழ்ப்பாணத்து அறிஞர் எழுதியவை ஏன் மேனாட்டுச் சஞ்சிகைகளிலே இடம்பெறவில்லை என்று 2002இலே வெளியான தம் நூலிலே ஆராய்ந்தார். அறிவு குறைந்ததாலன்று, சஞ்சிகைகள் எதிர்பார்த்த உருவமும் படிகளும் நடையும் அவர்களுக்கு எட்டாமற் போனதால் என்பது அவர் கண்டது. அந்தச் செய்தியையும் உலகம் அறிந்தது, அவர் அதனை ஆங்கிலத்திலே எழுதியதால்தான். ஆகவே ஆங்கிலத்திலே எழுதட்டும். ஆனால், மூதூர்ப் பிள்ளையின் வாசிப்பைப் பற்றி ஆங்கிலத்தில் முந்நூறு பக்கம் எழுதி, கொழும்பு நூலகத்திலே ஒரு படியை வைத்துவிட்டால், மூதூரின் முதலாந் தரத்து ஆசிரியைக்கு அது எப்பொழுது வந்து சேரும்? ஆய்வு முடிந்த ஆண்டிலேயே அதன் சாரம் ஐம்பது பக்கத் தமிழ் நூலாக வெளிவர வேண்டும் என்ற நிபந்தனையைப் பல்கலைக்கழகங்கள் விதிக்கலாம். விதிக்காவிட்டாலும் ஆய்வாளர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளலாம். கலைச்சொல் இல்லையே என்பது பழைய சாட்டு. 1930களிலே சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணியிலே விபுலாநந்தர் முன்னின்று உழைத்த காலத்திலேயே அந்தச் சாட்டு வலுவிழந்துவிட்டது.

பட்டம் பெற்றபின் நிகழ்வது வேறொரு கதை. கலாநிதியானவர் பெரும்பாலும் வகுப்பறையை விட்டு அலுவலகத்துக்கோ விரிவுரை மண்டபத்துக்கோ போய்விடுகிறார். அது அவருக்குரிய உயர்வு, குறை கூறுவதற்கில்லை. ஆனால், வகுப்பிலே இருந்தபடியே கலாநிதியாக விளங்கும் ஓர் ஆசிரியருக்குத் தகுந்த பதவிப் பெயரும் சம்பளப் படியும் ஏன் இருக்கக்கூடாது? வைத்தியசாலையிலே மேற்பட்டம் பெற்ற வைத்தியர் நோயாளியை விட்டு விலகிவிடுவதில்லை, மேலும் நெருங்குகிறார்.

தொடங்க எண்ணும் ஆசிரியருக்கு முதலாண்டிலே பெருஞ் செலவு வராது. 1981இலே யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன என்பது உண்மை. அதனை ஈடுசெய்ய முடியாது. ஆயினும் 2005 முதல் வளர்ந்துவரும் ‘நூலகம்’ என்னும் மின்னூலகத்திலே ஈழத்துப் பழைய நூல்களையும் சஞ்சிகைகளையும் கிண்ணியாவிலிருந்தே பார்க்கலாம். மற்றவை வகுப்பிலேயே இருக்கின்றன. தவணை முடிவிலே பிள்ளைகள் எறிந்துவிடும் சொல்வதெழுதற் கொப்பிகளைச் சேர்த்துத் திகதியிட்டுக் கட்டி வைக்கலாம். ‘மளை’ என்று எழுதியவர் எத்தனை பேர், அடுத்த தவணையிலே அவர்களுள் எத்தனை பேர் ‘மழை’ என்று எழுதினர், ‘பள்ளி’யைப் ‘பழ்ளி’ என்று மாற்றித் திருத்திக்கொண்டவர் எவரேனும் உண்டா என்று எண்ணலாம். மத்ரஸா லெப்பையிடம் அனுமதி பெற்று, மாலைப் பொழுதிலே அங்கே ஓர் ஓரத்திலே அமர்ந்து, பகலிலே தம் வகுப்பில் வாய் திறவாத பிள்ளை அங்கே எவ்வாறு ஓதுகிறது என்று கேட்கலாம்.